சொன்ன நேரத்துக்கு வந்தவள் என்ன முட்டாளா?

விடியற்காலை எழுந்திரு, பட்டியல் போடு, 25 நிமிஷம் வேலை பார், 5 நிமிஷம் ஓய்வெடு என்று நேரத்தை மிச்சப்படுத்த ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். அந்த 25 நிமிஷக் கணக்கு பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களில் மாணவராக இருந்தபோது, கவனம் சிதறாமல் படிக்கத் தனக்காக வைத்துக்கொண்டது. அவருக்குச் சரி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நேரத்தைத் தின்பது, அடுத்தவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது. அதற்கு எந்தப் பட்டியலைப் போட?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் தெருவுக்குள் போய்ப் பாருங்கள். மடியில் தட்டோடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி அடுத்ததை எடுப்பதற்குள் நீங்கள் ஒரு வாக்கியம் பேசி முடித்திருக்க மாட்டீர்கள். வாய் பேசும், கண் அடுப்பைப் பார்க்கும், கை மட்டும் நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் காசும் நின்றது. இவர்களுக்கா நேரத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டும்?

இவர்களைத்தான், இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்கிற பீடிக்கடை வாசலில் காக்க வைக்கிறார்கள். என் அம்மா சுற்றிய காலத்திலிருந்து பார்க்கிறேன். பத்து மணிக்கு வா என்பார்கள். போனால், "இலை இன்னும் வரல, அப்படி ஓரமா இரு." கணக்கு எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருப்பார். அந்த நேரத்தில் அம்மா நாலைந்து கட்டு சுற்றியிருப்பாள். அதற்கு யார் கூலி தருவது? கேட்டால் மறுநாள் சுற்றிக் கொண்டுபோன பீடியில் கழிவு என்று கூடுதலாக ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். மோட்டார் பார்க்க வருகிறவர், "இன்னா பத்து நிமிசத்துல வந்துருதேம்க்கா" என்கிறார். மத்தியானம் ஆகிவிடும். போனை எடுக்க மாட்டார். தாமிரபரணி ஓடுகிற ஊரில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தோடு பாதி நாள் போகிறது.

சரி, நம் ஆட்களுக்கு மணி பார்க்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்குகிறது என்றால் ஏழு இருபத்தைந்துக்கே புறப்பட்டு வாசலைத் தாண்டி நிற்பார்கள். முகூர்த்தம் ஒரு நிமிஷம் தவறாது. செங்கோட்டை பாசஞ்சருக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஜங்ஷனில் இருப்பார்கள். அதே ஆட்கள்தான் மாலை ஆறு மணிக்கு வரவேற்பு என்று பத்திரிகை அடித்துவிட்டு எட்டரைக்கு மேடை ஏறுகிறார்கள். ஆறு மணிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், கடைசி பஸ்ஸை நினைத்துப் பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரயில் நமக்காக நிற்காது, மதினி நிற்பாள். அவ்வளவுதான் கணக்கு! அதிகாரி வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது இதே மோட்டார்காரர் ஒன்பது என்றால் ஒன்பதுக்கு நிற்கிறாரே, எப்படி?

"நம்மூருல அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்று யாரும் என்னிடம் சொல்ல வராதீர்கள். அனுசரித்து அனுசரித்து எங்கள் அம்மாக்களின் ஆயுசில் பாதியைத் தின்றாயிற்று. வர முடியவில்லையா, ஒரு போன் போடுங்கள். இலை வரவில்லையா, வந்த பிறகு கூப்பிடுங்கள். எட்டரைக்குத்தான் மேடை ஏறுவீர்களா, பத்திரிகையில் எட்டரை என்றே அடியுங்கள்.