ஜார்ஜ் தலையை நனைக்கக் கூடாது

நேற்று ராத்திரி ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ படத்தை மூன்றாம் தடவையாகப் பார்த்தேன். பெயரைப் பார்த்து அமெரிக்காவின் முதல் அதிபருடைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். டேவிட் கார்டன் கிரீன் எடுத்த முதல் முழுநீளப் படம். 2000-இல் வெளிவந்தது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் பகுதியில், சுமார் 42,000 டாலர் செலவில் எடுத்தார்கள்.

தண்டவாளம், துருப்பிடித்த இரும்பு, பாழடைந்த கட்டடங்கள், கோடை வெயில். பெரும்பாலும் கறுப்பின ஏழைப் பிள்ளைகள். ஒருநாள் பாழடைந்த கழிப்பறையில் விளையாட்டாக ஆரம்பித்த தள்ளுமுள்ளில் பட்டி என்கிற சிறுவன் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் செத்துப்போகிறான். பயந்துபோன மற்ற பிள்ளைகள் உடலை மறைத்துவிடுகிறார்கள். இதற்கப்புறம் விசாரணை, துரத்தல் என்று படம் ஓடப்போகிறது என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பாரத்தை ஒவ்வொரு பிள்ளையும் எப்படிச் சுமக்கிறது என்பதை மட்டும்தான் படம் பார்க்கிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஜார்ஜ். அவனுக்கு மண்டை ஓட்டின் எலும்புகள் சரியாக ஒன்றுசேரவில்லை. அதனால் எந்நேரமும் ஹெல்மெட். தலை நனையவே கூடாது. அந்தப் பையன்தான் நீச்சல் குளத்தில் ஒரு சிறுவன் மூழ்குவதைப் பார்த்துக் குதிக்கிறான். அப்புறம் முதுகில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, சூப்பர் ஹீரோவைப் போல நடுத்தெருவில் நின்று வண்டிகளுக்கு வழிகாட்டுகிறான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. செத்தவனைத் திரும்பக் கொண்டுவர முடியாத பிள்ளை வேறென்னதான் செய்வான்? எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது.

“சின்னப் பிள்ளைகள் இப்படியா கவிதை மாதிரிப் பேசுவார்கள்?” என்று இந்தப் படத்தைக் குறை சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஏழைப் பிள்ளை என்றால் கெட்ட வார்த்தையும் அழுகையும்தான் வர வேண்டுமா? சொந்தமாக ஒரு கிரகமே வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவனான வெர்னன் புலம்பும்போது எனக்கு அது வசனமாகவே தெரியவில்லை. வீட்டில் ஒரு மூலைகூடத் தனக்கென்று இல்லாத பிள்ளை வேறு எங்கே போய் இடம் கேட்பான்?

ஒளிப்பதிவாளர் டிம் ஓர். கையில் இருந்த கொஞ்சப் பணத்திலும் 35 எம்எம் பிலிமில், அகலத்திரையில்தான் எடுத்திருக்கிறார்கள். பெரிய போர்க்களங்களுக்கும் பாலைவனங்களுக்கும் கொடுக்கிற அகலத்தை, குப்பைமேட்டு ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கைபேசியில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். கிடைக்கிற பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.