செகோன் சூலூரிலிருந்து பறக்கவில்லை
“1971 போரில் சூலூரிலிருந்து குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பி உயிர்நீத்த பரம்வீர் சக்ரா வீரர்” என்று நிர்மல் ஜித் சிங் செகோனின் படத்தோடு ஒரு செய்தி கோவை, பல்லடம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆண்டும் விருதும் சரி. ஊரும் விமானமும் தவறு.

செகோன் ஓட்டியது நாட் என்னும் சிறிய சண்டை விமானம். 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே மேலெழுந்தார். பல விமானங்களை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. இந்த லூதியானாக்காரரைக் கொங்கு நாட்டில் குடியேற்ற அப்படி என்ன அவசரமோ!

குழப்பத்தின் வேர் தெரிகிறது. அவருடைய 18ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களுடன் சூலூர் விமானப்படைத் தளத்தில் மீண்டும் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அது 2020 மே 27 அன்று, அவர் மறைந்து 48 ஆண்டுகளுக்குப் பிறகு.