சித்தியின் கொலாஜன் டப்பா

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் பண்ணினார். "ஏம்ப்பா, நீதான் காலேஜ்ல உடம்பைப் பத்திப் பாடம் எடுக்கிறியே, இந்தக் கொலாஜன் பவுடர் முட்டிவலிக்குக் கேக்குமா?" என்னிடம் கேட்பதற்கு முன்பே 1,800 ரூபாய் கொடுத்து டப்பா வாங்கியாகிவிட்டது. ரீல்ஸில் யாரோ சொன்னார்களாம்.

எனக்குச் சித்தி மேல் கோபமில்லை. பாடம் எடுக்கிற எங்கள் மேல்தான். செல், செல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கரடியாய்க் கத்துகிறோம். செல்லுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறோம். நாங்கள் விட்ட இடத்தில் விளம்பரக்காரன் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறான்.

முதலாமாண்டு திசுவியல் லேபில் வருஷா வருஷம் நடப்பது இது. ஃபார்மலினில் ஊறிய தோல் துண்டைப் பேரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுத்துச் சாயமேற்றியிருப்போம். ஹீமடாக்சிலின் பட்ட உட்கருக்கள் ஊதாவாக நிற்கும். ஈயோசின் பட்டதெல்லாம் ரோஸ். "என்ன தெரியுது?" என்று கேட்பேன். "ஊதாப் புள்ளி சார்." "புள்ளிக்கு நடுவுல?" "அது சும்மா பேக்ரவுண்டு சார்."

அந்தச் சும்மாதான் தோலே! மேல்தோலுக்குக் கீழே கற்றை கற்றையாக ஓடும் ரோஸ் முழுக்கக் கொலாஜன் என்கிற புரத நார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற ஊதாப் புள்ளிகள் அதை நெய்த நெசவாளிகள். தோல் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பதனிடும்போது முடி, மேல்தோல், கொழுப்பு எல்லாம் போய், மிஞ்சுவது இந்த ரோஸ் மட்டும்தான். அஞ்சு வருஷம் உங்கள் காலடியில் உழைப்பது அதுதான்.

முழங்கால் குருத்தெலும்பில் செல்லுக்கு வெளியே இருப்பது இன்னும் அதிகம். மொத்தக் கன அளவில் செல்கள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மீதியெல்லாம் செல்கள் சுரந்து வெளியே வைத்த பொருள். மேட்ரிக்ஸ் என்போம். கொலாஜன் நார்கள் வலை பின்னியிருக்கும். வலைக்குள் அக்ரிகான் என்கிற பெரிய மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டத்தோடு உட்கார்ந்து தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கும். தண்ணீர் விரியப் பார்க்கும், வலை விடாது. மாடிப்படி இறங்கும்போது உங்கள் எடையைத் தாங்குவது இந்த இழுபறிதான். ரத்தக்குழாய் ஒன்றுகூட அங்கே கிடையாது. அதனால்தான் தேய்ந்தால் எளிதில் ஆறுவதில்லை.

இந்தக் கொலாஜனின் உருவத்தைக் கண்டுபிடித்தது நம்ம சென்னையில் என்று சொன்னால் என் மாணவர்களே நம்புவதில்லை. 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து செய்த வேலை அது. எக்ஸ்ரே படமெடுக்கச் சுத்தமான கொலாஜன் வேண்டுமே? பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. 1954 இல் மூன்று இழை என்றார்கள். மறு வருஷமே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்றார்கள். இழையில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசினாக இருந்தாக வேண்டும். கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை.

இந்தக் கயிறு முறுக்குக் குலையாமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் கட்டிய கொலாஜன் உடம்புச் சூட்டிலேயே பிரிந்துவிடும். ஸ்கர்வி நோய் என்பது இதுதான். 1740 இல் இங்கிலாந்திலிருந்து ஆன்சன் தலைமையில் கிளம்பிய செஞ்சூரியன் கப்பலில் ஒரு கிழவர் இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் பாய்ன் சண்டையில் காயம்பட்டவர். ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய காயங்கள் வாய் திறந்துகொண்டன. எப்போதோ கூடிய எலும்பு முறிவும் விட்டுப்போனது. தழும்பு என்றால் முடிந்துபோன விஷயம் என்று நினைக்கிறோம். இல்லை, உடம்பு அதை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டே இருக்கிறது. நூல் தீர்ந்தால் அவ்வளவுதான்.

சரி, சித்தியின் டப்பாவுக்கு வருவோம். கொலாஜனைக் கொதிக்கவைத்தால் அந்த மூன்று இழைக் கயிறு பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாகிறதே, அது. தச்சர்கள் காய்ச்சி ஒட்டும் வச்சிரமும் அதே சரக்குதான். டப்பாவில் இருப்பது அதையே இன்னும் பொடிப்பொடியாக வெட்டிய தூள். வயிற்றுக்குள் போனால் பருப்பு, முட்டை மாதிரி அதுவும் செரிக்கும். 'நான் கொலாஜன், முட்டிக்குப் போகிறேன்' என்று அது வழி கேட்டுக்கொண்டு போகாது. வலி கொஞ்சம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. அதில் பலவற்றுக்குக் காசு கொடுத்தது விற்பவர்களே.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 ஐ ஏற்றிவிட்டன. திசு உருவானபோது காற்றில் இருந்த அளவு அதில் பதிந்துவிடுவதால், அதை வைத்துத் திசுவின் வயதைக் கணக்கிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை அப்படிச் சோதித்து 2016 இல் வெளியிட்டார்கள். வளர்ந்த பிறகு அங்கே கொலாஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. சித்திக்கு வயது 61. அவர் முட்டியில் இருப்பது பாவாடை தாவணிக் காலத்தில் நெய்தது. புது நூல் கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்கே தறி ஓடவில்லை.

இதையெல்லாம் போனில் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நெல்லிக்காய் சாப்பிடறேன்பா" என்றார். அதைச் சாப்பிடுங்கள், தப்பில்லை என்றேன். டப்பாவைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லையாம். காசு வீணாகக் கூடாதென்று இப்போது சித்தப்பா தினமும் காபியில் கலந்து குடிக்கிறார். அவருக்கு முட்டிவலியே கிடையாது.