எதிர்பார்ப்பு கொப்பியில் தெரிய வேண்டும்
தலைவர் நம்பினாலே போதும், பின்னால் வருபவர்கள் தானாக உயர்வார்கள் என்று தலைமைத்துவம் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அதை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. 1960களில் கலிபோர்னியாவில் உளவியலாளர் ரோசென்தாலும் பாடசாலை அதிபர் ஜேக்கப்சனும் செய்த ஆய்வில், எழுந்தமானமாகத் தெரிவுசெய்த பிள்ளைகளை 'இவர்கள் முன்னுக்கு வருவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறிய வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில்தான். பிறகு ரோசென்தாலே, நம்பும் ஆசிரியர் கூடுதலாகக் கற்பிக்கிறார், பதில் சொல்ல இடம் கொடுக்கிறார், பிழையை விளக்குகிறார் என்று காரணம் காட்டினார். சரி, அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2011இல் இலங்கையின் முல்லைத்தீவுப் பக்கம், போருக்குப் பின் மீள்குடியேறிய ஊரில், தரப்பாள் கொட்டிலுக்குள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். ஒரு சேர் காலைக்கூட்டத்தில் தினமும் 'நீங்கள் எல்லாரும் ஏ எடுப்பீர்கள்' என்பார். எங்கள் கொப்பியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. கணித ரீச்சர் அப்படி எதுவும் சொன்னதில்லை. பிழைத்த கணக்குக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் 'மூன்றாவது வரியைத் திரும்பப் பார்' என்று எழுதுவார், அடுத்த நாள் வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைத்தான் கேட்பார். கடைசி வாங்கில் இருந்த எங்கள் நாலு பேரில் மூன்று பேர் கணிதத்தில் சித்தியடைந்தோம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கண்டிப்புதான் முக்கியம் என்கிறார். ஆனால் அந்தக் கணித ரீச்சர் எங்களை ஒருநாள்கூட ஏசியதில்லை.