தோண்டினீர்களே, அப்போதே ஒரு குழாயைப் போட்டிருக்கக் கூடாதா?

எங்கள் தெருவில் புதுச் சாலை போட்டு இன்னும் வெள்ளைக் கோடுகூட அடிக்கவில்லை. அதற்குள் ஓரமாக நீளத்துக்கும் ஒரு பள்ளம். என்னவென்று கேட்டால், ஃபைபர் கேபிளாம்.

இதே சாலை மூன்று மாதம் திறந்தேதான் கிடந்தது. முதலில் குடிநீர்க் குழாயை மாற்றினார்கள், அப்புறம் மழைநீர் வடிகால். ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் தெரியும் ஆழம். புழுதி தின்றோம், வண்டியை எங்கோ விட்டுவிட்டு நடந்தோம். வேலை நடக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டோம். அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒரு வெற்று பிளாஸ்டிக் குழாயை அதே பள்ளத்தின் ஓரத்தில் படுக்கப் போட்டு மூட ஒருவருக்கும் தோன்றவில்லையா?

கேபிள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெட் போனால் முதலில் கத்துகிற ஆள் நான்தான். ஆனால் ஃபைபர் என்பது முடியளவு கண்ணாடி இழை. செலவெல்லாம் மண்ணில் இருக்கிறது. தோண்டுவது, மூடுவது, பெயர்த்த சாலையைச் சரிசெய்வது என்று இந்த வேலைகளே மொத்தச் செலவில் 80 சதவீதம் வரை விழுங்கிவிடும் என்று ஐரோப்பிய ஆணையம் 2013-இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே திறந்து கிடக்கும் பள்ளத்தில் 40 மில்லிமீட்டர் குழாயைப் போட இதில் எவ்வளவு ஆகிவிடப் போகிறது? பிறகு யாருக்குக் கேபிள் வேண்டுமோ அவர்கள் காற்றழுத்தத்தில் இழையை ஊதி உள்ளே அனுப்பிக்கொள்வார்கள். தாரைத் தொடவே வேண்டாம்.

இது பொறியாளர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். 'ஒரே முறை தோண்டு' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. நெடுஞ்சாலை வேலையோடு சேர்த்தே குழாய் போட வழிசெய்யுங்கள் என்று அமெரிக்காவில் 2012-இல் ஒபாமா உத்தரவே போட்டார். இங்கே கேட்டால், "எங்க எஸ்டிமேட்ல அது இல்லைங்க" என்கிறார் சாலைக்காரர். தண்ணீர்க்காரருக்குத் தண்ணீர் மட்டும். கேபிள்காரருக்கு அனுமதி கிடைக்கும்போது சாலை போட்டு முடிந்திருக்கும். குழாய் யாருடைய டெண்டரிலும் இல்லாத அநாதை.

பக்கத்துத் தெரு கதை இன்னும் கொடுமை. அங்கே யாரோ புண்ணியவான் குழாய் போட்டே வைத்திருக்கிறார். ஆனால் நடுநடுவே திறந்து பார்க்கத் தொட்டி கட்டவில்லை, இழுக்க உள்ளே கயிறு விடவில்லை, முனையை மூடாததால் மண் அடைத்துவிட்டது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. கடைசியில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தோண்டினார்கள்! சொன்ன மேற்பார்வையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சரி, தோண்டியதையாவது ஒழுங்காக மூடுகிறார்களா? மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். இவர்கள் அள்ளித் தள்ளிவிட்டு மேலே கொஞ்சம் ஜல்லியைத் தூவிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே மழை. பள்ளம் உள்வாங்கிவிட்டது. வெட்டின விளிம்பு வழியாகத் தண்ணீர் சாலையின் அடிவயிற்றுக்கே போகிறது. போதாததற்கு, புதிதாக மாற்றிய குடிநீர்க் குழாயையும் ஓரிடத்தில் உடைத்துவிட்டார்கள். இரண்டு நாள் தண்ணீர் இல்லை. யார் சரிசெய்வது என்று அதற்கு வேறு ஒரு சண்டை.

ஸ்டாக்ஹோமில் 1994-இலேயே நகராட்சி 'ஸ்டோகாப்' என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, ஃபைபரைத் தானே பதித்து, கேட்கிற எல்லா நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுகிறது. ஆளாளுக்குக் கடப்பாரையோடு வர வேண்டிய அவசியமே இல்லை.

நேற்று மாலை எங்கள் தெருவின் எதிர் ஓரத்தில் ஒருவர் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு வந்துவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். இன்னொரு கேபிள் கம்பெனியாம்.