புளியங்கொட்டை டப்பா

போன வாரம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது, எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார்: "பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை அமையும்வரை ஏதாவது ப்ளே ஸ்கூலில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகள்தானே, பொறுமை இருந்தால் போதும்."

நெசவுக்காரக் குடும்பத்து மனிதர் அவர். தறியில் உட்காரப் பொறுமை இருந்தால் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் இலையை விட்டு எழுந்தே போயிருப்பார். தார்க்குச்சியில் நூல் சுற்றி, அறுந்த இழையைப் பிணைக்கப் பழகி, வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதானே தறிக்குழியில் கால் வைக்க விட்டார்கள் அவரை? நூலுக்கு அத்தனை பயிற்சி. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொறுமை மட்டும் போதுமாம்.

என் மகன் கதையைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். மூன்று வயது முடிந்ததும் வேலூரில் ஒரு தனியார் ப்ளே ஸ்கூலில் சேர்த்தேன். குளிரூட்டிய அறை, சுவரெல்லாம் கார்ட்டூன். முதல் மாதமே நான்கு கோடு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதி வரச் சொன்னார்கள். பிள்ளை பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல முஷ்டியால் பிடித்து அழுத்துவான், தாள் கிழியும், அவன் அழுவான், பிறகு நானும். டைரியில் வாராவாரம் ஒரே வாக்கியம் வரும்: 'வகுப்பில் கவனம் இல்லை.' எட்டு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு எனக்குக் கூட்டுறவு வங்கியில் இடமாறுதல் வந்தது. குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டோம். தெருக்கோடியில் பால்வாடி. அரசு ஆவணத்தில் 'குழந்தைகள் மையம்', ஊர் வாயில் இன்றும் பால்வாடிதான். (எங்கள் பக்கம் பாட்டியும் ஆயா, அங்கே சமைத்துப் போடும் அம்மாவும் ஆயா. என் மகன் இரண்டு ஆயாக்களையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தான்.) வேறு வழியில்லாமல்தான் அங்கே விட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே எழுத்தே இல்லை. புளியங்கொட்டையைப் பொறுக்கி டப்பாவில் போடுகிறார்கள், பழைய செய்தித்தாளைக் கிழிக்கிறார்கள், களிமண் உருட்டுகிறார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மேளம் அடித்தபடி அறையைச் சுற்றினார்கள். டீச்சர் தடுக்கவில்லை. "எத்தனை பேர் தூக்குகிறீர்கள்? முன்னால் யார், பின்னால் யார்?" என்று கேட்டபடி அவரும் கூடவே நடந்தார். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எழுத எப்போது டீச்சர் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என் மகனின் கையை விரித்துக் காட்டினார். "இந்த விரலுக்கு இன்னும் பிடி வரவில்லை அம்மா. கொட்டை பொறுக்கட்டும், தானாக வரும்." மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பலவும் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது வாரத்திலேயே அவர் இன்னொன்றும் சொன்னார். "முகம் பார்த்துப் பேசினால் சொன்னதைச் செய்கிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை." பிடிவாதம் என்றேன். பேசாமல் புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று குலுக்கினார். எல்லாத் தலையும் திரும்பியது, ஒன்றைத் தவிர. இடம் மாறி நின்று மறுபடியும் குலுக்கினார். அப்போதும் அவன் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். காது மருத்துவர் பார்த்துவிட்டு, சளி பிடித்துப் பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். சிகிச்சையில் சரியாகிவிட்டது. எட்டு மாதம் 'கவனம் இல்லை' என்று எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

மழலையர் ஆசிரியருக்குத் தகுதி, தரம் என்று நான் கேட்பது இந்தப் பார்வையைத்தான். பாட்டும் கதையும் கைவேலையும் அதற்குப் பிறகு. ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது, அடுத்த படி எது, எது தாமதம், எது நோய் என்று பிரித்தறிவது பயின்று வரும் தொழில். பிறவிக் குணம் என்று அதைச் சொல்லிவிட்டால் பயிற்சிக்குச் செலவு செய்ய வேண்டாம், சம்பளமும் தர வேண்டாம். 'தாயுள்ளம்' என்று புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

அரசும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கல்ல. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்கள் அதைப் பதவி இறக்கம் என்று எதிர்த்தார்கள். தாங்கள் படித்தது வேறு வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சி என்பது நியாயமான வாதம். 'இறக்கம்' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. பிறகு 2022ல் அதே வகுப்புகளுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர்கள் செய்வது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்கவில்லை. 1975ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு இதைச் சொல்ல 47 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்த டீச்சரும் முழு நேரம் பிள்ளைகளோடு இருக்க முடிவதில்லை. எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கணக்கு எழுத வேண்டும், அதையெல்லாம் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லாமல் வாசலில் நின்று போனை வானத்துக்குக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் டப்பாவை யார் குலுக்குவது?

பந்தியில் இதையெல்லாம் அண்ணனிடம் கொட்டினேன். "நீ எதையும் பெரிதாக்குவாய்" என்று பாயசத்துக்குக் கை காட்டினார். ஆனால் அவர் மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் போன் செய்தாள். மழலையர் கல்விக்கென்றே இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது என்று சொன்னேன், ஆர்வமாகத்தான் கேட்டாள். படித்து முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்றாள். எனக்குத் தெரிந்த தொகையைச் சொன்னேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வங்கித் தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம், அத்தை?" என்று கேட்டாள்.