தேர்வுக்கு ஓடும் தம்பிகளுக்கு

ஓட்டப் பயிற்சி எடுப்பவர்களுக்கு வாரம் ஒரு நாளாவது ஓய்வு தேவை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஊர் மைதானத்தில் காவலர் தேர்வுக்குப் போகும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். போன முறை ஒரு தம்பி, தேர்வு நெருங்க நெருங்க காலை, மாலை இரண்டு வேளையும் ஓடினான். ராத்திரி கேட்டரிங் வேலை, நாலு மணி நேரத் தூக்கம். 6 நிமிடம் 40 விநாடியில் (6:40) முடித்துக்கொண்டிருந்தவன் 7:10-க்குப் போய்விட்டான். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பைத் தொட்டாலே துள்ளினான். பத்து நாள் ஓடவே கூடாது, நன்றாகத் தூங்கு என்றேன். அழாத குறை. திரும்பி வந்த மூன்றாவது வாரம் 6:35!

ஓடும்போது தசை களைத்துச் சிதைகிறது. வலுப்படுவது அப்புறம், சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான். 2011-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கூடைப்பந்து வீரர்களை இரவில் 10 மணி நேரமாவது படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் ஓட்ட வேகம் கூடியது, ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் நின்று கூடைக்குள் எறிவது) குறி 9 சதவீதம் கூடியது.

காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிப் பாருங்கள், தம்பிகளே. வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு நடந்தால் போதும்.